நான்கு பத்தி அகலம்

அடுப்பை வெட்டியது நான்தான்.
தெமுரி எடுத்த படத்தில் இடது ஓரம் முழுக்க
அது வாய் பிளந்து நின்றது,
கழுத்துவரை புதைத்த குதிர் மாதிரி.
உள்ளே திராட்சைக் கொடிச் சுள்ளி, முந்தின இரவு மழையில் நனைந்தது.
புகை நேரே முகத்துக்கு.
எத்தேரி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே
மறு கையால் ரொட்டியை உட்சுவரில் அறைகிறாள்.

ரொட்டி விலை மீண்டும் ஏறியது என்று செய்தி.
இருந்த இடம் நான்கு பத்தி. படம் ஐந்து.
குத்தாயிசியில் மணி ஏழு,
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.
கோட்டை இழுத்தேன்.
அடுப்பு போயிற்று, ரொட்டி போயிற்று, அறைகிற கை போயிற்று.
மிஞ்சியது சிவப்பு முக்காட்டில் ஒரு பெண், ஈரக் கண்,
பின்னால் வெறும் சாம்பல் நிறம்.
நன்றாக இருக்கிறது என்றார் ஆசிரியர்.
நன்றாகத்தான் இருந்தது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
நெருப்பு இருந்தது. புகையும் இருந்தது.
துக்கம்தான் பிற்பாடு வந்து சேர்ந்தது.

மார்ச்சில் அவள் சுரங்க விபத்தில் மகனைப் பறிகொடுத்தாள்.
(எத்தேரிக்கு இரண்டும் பெண்கள். மூத்தவள் பல் மருத்துவம் படிக்கிறாள்.)
மே மாதம் வெள்ளம் வீட்டைக் கொண்டுபோனது.
பிறகு வேறொரு நாட்டில்,
எனக்கு எழுத்துக்கூட்டவும் வராத மொழியில்,
ஓட்டுக் கேட்கும் ஒருவரின் தலைக்கு மேல் மூன்று மாடி உயரம் நின்று
எல்லைக்கு அப்பால் இருப்பவர்களால் அழுதாள்.
கை மாறக் கை மாற
பழைய நோட்டு மாதிரி முகம் தேய்ந்துகொண்டு வந்தது.
யாரோ இடம் வலமாகத் திருப்பினார்கள்.
யாரோ முக்காட்டைக் கறுப்பாக்கினார்கள்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினேழு வரை.
ஒருவருக்கும் எழுதவில்லை.
எழுதியிருக்கலாம். என்னவென்று?
ஐயா, அங்கே ஓர் அடுப்பு இருந்தது என்றா?

அக்டோபரில் ரொட்டி வாங்கப் போனேன்.
நான் சில்லறை தேடும்போது
எத்தேரி போனை என் பக்கம் நீட்டினாள்.
'இந்தப் பெண்ணைப் பாருங்கள். நிலநடுக்கமாம். மூன்று பிள்ளைகளாம்.
எங்கோ பார்த்த முகமாக இருக்கிறது,
பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைகிறது.
நாற்பது ரொட்டிக் காசு அனுப்பினேன்.'

எத்தேரிக்குத் தழும்பு இடப் புருவத்தில்.
படத்துப் பெண்ணுக்கு வலப் புருவத்தில்.
திருப்பிப் போட்ட முகம்:
தினமும் காலையில் கண்ணாடியில் அவள் பார்க்கிற அதே பக்கம்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை.
மறுநாள் முழுப் படத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன்.
மாவுக் கையோடு வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.
'அன்றைக்கு எட்டு ரொட்டி கருகியது' என்றாள் முதலில்.
பிறகு, 'அப்படியானால் அந்தக் காசு?'
பிறகு, குரல் இறங்கி,
'நான் அழுதேனே, அது?'

அப்படி மூன்று பிள்ளைகள் எங்காவது இல்லாமலா போவார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதுவும் படத்துக்குக் கீழே நான் எழுதும் ஒரு வரிதான்
என்று உறைத்தது. விழுங்கிவிட்டேன்.

அவள் விரல் வலது ஓரத்துக்கு வந்து நின்றது.
'முழுப் படம் என்றீர்களே.
இங்கே கேத்தோ நின்றாள்.
என் கண்ணைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.
அவள் எங்கே?'

யாரோ அடுப்பில் சுள்ளியைத் திணித்தார்கள். அதுவும் ஈரம்.
எங்கள் இருவர் கண்ணிலும் நீர் வந்தது.
அவள் அச்சைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தாள்,
அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுபோல.
கருகும் வாசனை வந்தபோதுதான்
கொக்கியை எடுக்க ஓடினாள்.